ஞாயிறு சந்தையில் ஒரு குட்டி லேத்: தேடுவது, சோதிப்பது, வாங்குவது

பெங்களூரு சிக்பேட்டையில் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பார்கள். சண்டே பஜார் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். பழைய ஷூ, மிக்ஸி ஜார், ரிமோட், உடைந்த கேமரா, துருப்பிடித்த ஸ்பேனர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் குப்பைக்குள்ளே எப்போதாவது கடிகாரப் பட்டறைச் சாமான் வரும். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு அங்கே ஒரு வாட்ச் ரிப்பேர் லேத், அதாவது உலோகத் துண்டைச் சுழலவிட்டுக் கடைகிற குட்டி எந்திரம், கிடைத்தது. மொத்த நீளமே ஒரு அடி ஸ்கேல்தான். அதை வாங்கியபோது செய்த தப்பு, தற்செயலாகச் சரியாகச் செய்தது, பிறகு கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் தேடுவது லேத்தாக இல்லாமல் குட்டி வைஸாகவோ நகைப்பட்டறை அச்சுத் தகடாகவோ இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் சின்ன கருவி எதுவும் தனியாளாக வருவதில்லை, குடும்பமாகத்தான் வரும். ஒரு வாட்ச் ரிப்பேர்காரரின் மேஜை காலியாகும்போது லேத், அதன் காலெட்டுகள் (கடையும் கம்பியைக் கவ்வுகிற பிடிகள்), கருவி தாங்கும் கட்டை, சாமணம், கண்ணில் செருகும் லென்ஸ் எல்லாம் ஒரே சாக்கில்தான் கிளம்புகின்றன. சந்தைக்கு வந்ததும் அந்தச் சாக்கைப் பிரித்துவிடுகிறார்கள். பெரியது ஒரு துணிக்குப் போகும், பளபளப்பானது இன்னொருவரிடம் போகும், பொடிசெல்லாம் ஏதாவது பாட்டிலுக்குள் போய்விடும். பிரிந்த குடும்பத்தைத் திரும்பச் சேர்ப்பதுதான் நம் வேலை. இது புரியாமல் போனதால் எனக்குத் தொள்ளாயிரம் ரூபாய் நஷ்டம். அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த ஊரில் ஏன் இது கிடைக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எச்.எம்.டி. 1953இல் தொடங்கியது பெங்களூரில்தான். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் கைக்கடிகாரத் தொழிற்சாலையையும் இங்கேதான் ஆரம்பித்தார்கள். 2016இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே குவார்ட்ஸ் வாட்ச் வந்து, சாவி கொடுக்கும் வாட்சைப் பழுதுபார்க்கிறவர்களின் வேலை சுருங்கியிருந்தது. பேட்டரி மாற்றுகிறவருக்கு லேத் எதற்கு? அது மேஜைக்கு அடியில் போகும், அங்கிருந்து பரணுக்குப் போகும், ஒருநாள் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது காயலான் கடைக்குப் போகும். எச்.ஏ.எல். (விமானம்), பி.இ.எல். (மின்னணுச் சாதனம்), ஐ.டி.ஐ. (தொலைபேசி) தொழிற்சாலைகள் என்று நுணுக்க வேலை செய்த கைகள் நிறைய இருந்த ஊர் என்பதால், வீட்டில் சொந்தமாக ஒரு பெட்டி நிறைய நல்ல டூல் வைத்திருந்தவர்களும் இங்கே அதிகம்.

எப்போது போவது

விடிந்ததும் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவின் முதல் வண்டி மற்ற நாளைவிடத் தாமதம், அதை நம்பினால் நல்லது போய்விடும். நான் பஸ்ஸில் மெஜஸ்டிக் வந்து அங்கிருந்து நடந்துவிடுவேன். திரும்பும்போது சிக்பேட்டை ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிக்கொள்ளலாம், கையில் இரும்புப் பையோடு பஸ்ஸில் நிற்பதற்கு அது மேல். மழைக்காலத்தில் பாதிப் பேர் கடை போட மாட்டார்கள். என் அனுபவத்தில் ஆயுத பூஜையை ஒட்டிய ஞாயிறுகள் ரொம்ப நல்லவை, பட்டறைகளைச் சுத்தம் செய்யும்போது வேண்டாததெல்லாம் வெளியே வரும்.

இரண்டு சுற்று போக வேண்டும். முதல் சுற்றில் எதையும் கையில் எடுக்காமல் வேகமாக ஒரு நடை. எங்கே இரும்பு இருக்கிறது, யாரிடம் கடிகாரம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பை-டூ காபி. இரண்டாவது சுற்றில்தான் உட்கார்ந்து துழாவுவது. ஆனால் முதல் சுற்றிலேயே ஏதாவது கண்ணில் அறைந்தால் அப்போதே நின்றுவிடுங்கள், நாகரிகம் பார்க்க வேண்டாம். பழைய டூல் தேடுகிறவர்கள் ஒரு பத்துப் பேராவது அங்கே வழக்கமாகச் சுற்றுகிறார்கள், முகம் எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்லிக்கொண்டே முந்தப் பார்ப்போம்.

பையில் என்ன வேண்டும் என்றால், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், சின்ன டார்ச், ஒரு காந்தம், ஆறு அங்குல எஃகு ஸ்கேல், விலை குறைந்த ஒரு வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி), பழைய டூத் பிரஷ், ஒரு தையல் ஊசி, குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணில் ஒரு உருண்டை. கடைசி இரண்டும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாரிடமும் க்யூ.ஆர். அட்டை இருக்கிறது என்றாலும், கையில் நோட்டைப் பார்த்தால் பேரம் சீக்கிரம் முடிகிறது.

கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்

டூல் விற்கிற துணியில் தேடாதீர்கள். அதாவது அங்கேயும் பாருங்கள், ஆனால் ஸ்பேனரும் சுத்தியலும் அடுக்கி வைத்திருப்பவருக்கு டூல் தெரியும், அவரிடம் சல்லிசாக எதுவும் கிடைக்காது. தையல் மெஷின் பாகம், சைக்கிள் பாகம், பழைய கேமரா, டேப் ரிக்கார்டர் மோட்டார் விற்பவர்களிடம் பாருங்கள். இது என்னவென்று தெரியாதவர் அதை எதோடு சேர்ப்பார் என்று யோசித்தால் இடம் புரிந்துவிடும். என் லேத் தையல் மெஷின் மோட்டார்களுக்கு நடுவில் கிடந்தது. கப்பி இருந்ததால் அது தையல் மெஷின் சாமான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

நான் பார்த்தது இப்படி இருந்தது: உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தலை, அதில் படிபடியாகப் பெரிதாகும் மூன்று பள்ளம் கொண்ட கப்பி. மேலே நிக்கல் முலாம், அங்கங்கே உரிந்து அடியில் பழுப்பாக இரும்பு தெரிகிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிற மாதிரி பழைய எண்ணெய், அதன் மேல் பஞ்சும் தூசியும். கப்பியின் முகத்தில் மட்டும் விளிம்பை ஒட்டி வட்டமாக ஊசித்துளைகள் வரிசையாகக் குத்தியிருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு சூடானது. தையல் மெஷின் கப்பியில் அந்தத் துளைகளுக்கு வேலையே இல்லை. அது ஒரு வட்டத்தைச் சம பாகமாகப் பிரிப்பதற்கு. பல்சக்கரம் வெட்டும்போது, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முள்ளை அடுத்த துளையில் மாட்டி நிறுத்துவார்கள். பெரும்பாலும் அறுபது துளை இருக்கும். அப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் உட்காருங்கள்.

வாட்ச் லேத்தில் பெட் என்கிற படுக்கை, அதாவது மற்ற பாகங்கள் மேலே உட்காருகிற தண்டு, இரண்டு ஜாதி. ஒன்று மேல் ஓரங்கள் இரண்டும் சாய்வாகச் செதுக்கிய பட்டையான படுக்கை, இதை அமெரிக்காவில் வால்தம் ஊரில் உருவாக்கிய வெப்ஸ்டர்-விட்கோம் முறை என்பார்கள், டபிள்யூ.டபிள்யூ. என்றும் சொல்வார்கள். இன்னொன்று உருண்டைக் கம்பியில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவிய ஜெனீவா முறை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது. பெயர் பொறித்திருந்தால் போலி, லார்ச், உல்ஃப் யான் என்பவை பழைய ஜெர்மன் பெயர்கள், நல்லவை. போலி என்றதும் நம் ஊர் போலி என்று நினைத்துவிடாதீர்கள், எஸ்லிங்கன் ஊர்க் கம்பெனியின் பெயரே அதுதான். பெயரே இல்லாததும் நன்றாக இருக்கலாம். எனக்குக் கிடைத்ததில் ஒரு எழுத்துகூட இல்லை.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், அளவுக்கு எடை குறைவாக, ஓரத்தில் வார்ப்புக் கோடு தெரிந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு, பொழுதுபோக்குக்காகச் செய்தது. அலமாரியில் வைக்கலாம், வேலைக்கு ஆகாது. பித்தளையில் புத்தம்புதிதாகச் செய்து, மருந்து தடவிப் பழையது மாதிரி ஆக்கிய சாமானும் வருகிறது. அதில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். நிஜமாக உழைத்த கருவியில் கை பிடிக்கிற இடம் மழுங்கியிருக்கும், கை படாத மூலை கூர்மையாக இருக்கும்.

தெருவிலேயே சோதிப்பது

துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தேய்மானத்துக்குப் பயப்படுங்கள். வெளியில் செம்மண் மாதிரி இருக்கிற துரு ஒரு வாரத்தில் போய்விடும். தேய்ந்துபோன ஸ்பிண்டிலை, அதாவது தலைக்குள் கப்பியோடு சுழல்கிற தண்டை, நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

கப்பியை விரலால் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று விதமாகத் தெரியும். சுற்று முழுக்க ஒரே அளவு இறுக்கமாக, தேனில் கரண்டி போகிற மாதிரி இருந்தால் அது காய்ந்துபோன எண்ணெய், கவலையே வேண்டாம். மணல் அரைகிற மாதிரி நறநறவென்றால் உள்ளே அழுக்கோ துருவோ இருக்கிறது, பாதிக்குப் பாதி வாய்ப்பு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்து லேசாகத் தட்டி நின்றால் அந்த இடத்தில் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்து ஆட்டம். கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், பிறகு மேலும் கீழும். முன்பின் ஆட்டம் இருந்தால் பின்பக்கத்தில் இருக்கிற நட்டை இறுக்கிப் பார்க்கலாம், இந்தச் சாதியில் பேரிங் கூம்பு வடிவம் என்பதால் இறுக்கினால் ஆட்டம் போகும். இறுக்கியபின் ஓரிடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தளர்கிறது என்றால் கூம்பு வட்டமாக இல்லை, முட்டையாகிவிட்டது.

இப்போது ஊசியும் களிமண்ணும். களிமண் உருண்டையைப் படுக்கை மேல் ஒட்டி, அதில் ஊசியைக் குத்தி, அதன் நுனி ஸ்பிண்டில் வாயின் உள்சரிவை ஒரு மயிரிழை இடைவெளியில் கிட்டத்தட்டத் தொடுகிற மாதிரி வையுங்கள். பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, லென்ஸில் பார்த்தபடி கப்பியைச் சுற்றுங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் நல்லது. அகன்று குறுகினால் ஒன்று வாயில் அழுக்கு ஒட்டியிருக்கிறது, இல்லையென்றால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. பிரஷ்ஷால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். இதைச் செய்யும்போது சுற்றிலும் நாலு பேர் கூடிவிடுவார்கள், அதுதான் இதில் ஒரே கஷ்டம். கடைக்காரருக்கும் இது ஏதோ பெரிய சாமான் என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் நான் விலையைப் பேசி முடித்து, காசு கொடுப்பதற்கு முன், "ஒரு நிமிஷம் பாய், ஓடுதான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன்.

படுக்கை மேல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடியில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். பிறகு நகத்தால் நீளவாக்கில் ஒரு தடவு. கண்ணுக்குத் தெரியாத காயம் நகத்துக்குத் தெரியும். தலைக்கு அடியில், அதாவது தினமும் உராய்கிற இடத்தில் பள்ளம் இருந்தால் யோசியுங்கள், ஓரத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை.

மரைகளை எல்லாம் ஒரு திருகு திருகிப் பாருங்கள். மரை போன போல்ட்டை நம் ஊரில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், பழைய வெளிநாட்டுச் சாமானில் பல மரைகள் இப்போதைய அளவுகளில் இருக்காது.

கடைசியாக வாயின் அளவு. வெர்னியரை உள்ளே விட்டு அளந்துவிடுங்கள், பெரும்பாலும் 8 மி.மீ., சிலது 6 மி.மீ. இந்த ஓர் எண்ணைக் கையிலோ போனிலோ எழுதிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகாதீர்கள், இனிமேல் நீங்கள் தேடப்போகும் காலெட் எல்லாம் இதைப் பொறுத்தது.

விலை பேசுவது

எனக்கு நடந்தது இதுதான்.

"பாய், இது எவ்ளோ?"

"எது, அந்தத் தையல் மெஷின் பார்ட்டா? ஆயிரத்தி எரநூறு குடுங்க சார். ஜெர்மன் மால்."

தையல் மெஷின் பார்ட் எப்படி ஜெர்மன் மால் ஆனது என்று நான் கேட்கவில்லை. சைக்கிள் ஹப் குவியலில் இருந்து, அதே எண்ணெய்ப் பிசுக்கோடு, அதே மாதிரி உரிந்த நிக்கலோடு ஒரு சின்ன முள் எட்டிப் பார்த்தது. அது இதன் வால், அதாவது தலைக்கு எதிரே படுக்கையில் உட்காருகிற டெயில்ஸ்டாக். அதையும் எடுத்து லேத் பக்கத்தில் வைத்தேன். "இதையும் சேத்து ஐநூறு." அவர் சிரித்தார். "போணி நேரம் சார், கெடுக்காதீங்க." எழுநூறில் முடிந்தது.

இதில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான், வாலைக் கண்டுபிடித்தது. செய்யாமல் விட்டது, "பாய், இதோட வந்த மத்த சாமான் எங்க?" என்று கேட்பது. இந்தக் கேள்வியை இப்போது எந்த இடத்தில் எது வாங்கினாலும் கேட்கிறேன். பாதி நேரம் கையை விரிப்பார்கள். மீதி நேரம், அதோ அந்தத் துணிக்காரர் காலையில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போனார் என்று விரல் நீட்டுவார்கள். அன்று நான் கேட்காமலே பக்கத்துத் துணியில் ஒன்றைப் பார்த்தேன். ஆங்கில டி எழுத்து மாதிரி, கட்டைவிரல் நீளத்தில், ஒரு இரும்பு. நூற்றைம்பது சொன்னார். இதுக்கு நூற்றைம்பதா என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது, அதுதான் கருவியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட். கையில் பிடிக்கும் கிரேவர் என்கிற வெட்டுளியை அதன் மேல் சாய்த்துத்தான் கடைய வேண்டும், அது இல்லாவிட்டால் லேத் வெறும் சுழல்கிற பொம்மை. அடுத்த ஞாயிறு போனபோது அந்த ஆளும் இல்லை, இரும்பும் இல்லை. கடைசியில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் செய்யச் சொல்லி, இரண்டு தடவை அளவு தப்பி, தொள்ளாயிரம் கொடுத்தேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே தக்கனி உருது, கன்னடம், தமிழ் மூன்றும் ஓடுகிறது, தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறவர்கள் நிறைய. எதிராளி கன்னடக்காரர் என்று தெரிந்தால் "எஷ்டு அண்ணா?" (எவ்வளவு அண்ணா?) என்று ஆரம்பித்து "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறைங்க) என்று முடியுங்கள், அதற்கு மேல் தேவைப்படாது. இன்னொன்று, இப்போது கடைக்காரர்களும் போனில் படம் பிடித்துத் தேடிப்பார்த்து, வெளிநாட்டு விலையை ரூபாயில் சொல்கிறார்கள். அந்த விலை முழுப் பெட்டியோடு, எல்லாக் காலெட்டோடு, வேலை செய்கிற லேத்துக்கு. அவரிடம் சண்டை போடாமல், இதில் என்னென்ன இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், தானாக இறங்கும்.

தொழிற்சாலை முத்திரையையோ நம்பரையோ புதிதாக அரம் போட்டுத் தேய்த்து அழித்திருந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. பழைய தேய்மானமும் நேற்று போட்ட அரமும் லென்ஸில் வேறு வேறாகத் தெரியும்.

மீதிக் குடும்பத்தைத் தேடுவது

வாங்கிய அன்றே வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, படுக்கையின் முனையை அதன் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்த வடிவத்தை வெட்டி எடுங்கள். இந்த அட்டை இனிமேல் உங்கள் பர்ஸில் இருக்க வேண்டும். சந்தையில் ஏதாவது அடிக்கட்டையைப் பார்த்தால் அதன் பள்ளத்தில் அட்டையைச் செருகிப் பாருங்கள், உட்கார்ந்தால் அது உங்கள் வீட்டுப் பிள்ளை.

அடுத்தது காலெட். துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும், முன்பக்கம் மூன்றாகப் பிளந்திருக்கும், நடுவில் துளை, பின்பக்கம் மரை. பின்னால் இருந்து ஒரு குழாய்க் கம்பியால் இழுத்தால் கூம்பு வாய்க்குள் போய், பிளவு மூடி, துளையில் வைத்த கம்பியைக் கவ்வும். முகத்தில் ஒரு எண் இருக்கும். அது துளையின் அளவு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. 8 என்றால் 0.8 மி.மீ., 20 என்றால் 2 மி.மீ. எண்ணுக்குப் பக்கத்து அளவைத்தான் பிடிக்க வேண்டும். பெரிய கம்பியைத் திணித்தால் பிளவு விரிந்தது விரிந்தபடி நின்றுவிடும், அப்புறம் அந்தக் காலெட் எதையும் நேராகப் பிடிக்காது. வாங்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும், மூன்று பிளவும் ஒரே அகலமா, முகம் வட்டமா.

எனக்கு மூன்று வாரம் கழித்து, கடிகாரச் சக்கரங்களும் பழைய பேனா நிப்புகளும் விற்கிற ஒருவரிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடைத்தது. ஸ்க்ரூ, வாஷர், ரேடியோ குமிழ் எல்லாவற்றுக்கும் அடியில். துணியிலேயே கொட்டிப் பொறுக்க அனுமதித்தார், நல்ல மனிதர். பதினொன்று, ஒன்று இருபது ரூபாய். வீட்டில் போட்டுப் பார்த்ததில் எட்டு பொருந்தியது. மற்ற மூன்றும் உடம்பு 8 மி.மீ. இருந்தும் மரை ஏறவில்லை, ஏனென்றால் பின்மரை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் காலெட் தேடப் போகும்போது இழுப்புக் கம்பியையும் கையோடு கொண்டுபோங்கள், அங்கேயே ஏற்றிப் பார்த்துவிடலாம். மரை ஏறாததைச் சாமர்த்தியமாக இறுக்கி ஏற்றப் பார்க்காதீர்கள், இரண்டும் போகும். ஸ்பிண்டில் வாய்க்குள் ஒரு சின்ன முள் இருக்கும், காலெட்டில் அதற்கு ஒரு காடி இருக்கும். இரண்டையும் பார்த்துச் சேர்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

சந்தையில் அமையாவிட்டால் வார நாளில் எஸ்.ஜே.பி. ரோட்டு டூல் கடைகளில் கேட்கலாம், ஜாலி மொஹல்லா பக்கம் பழைய இரும்புக் கடைகளில் துழாவலாம். நகரத்பேட்டையில் நகைப்பட்டறைகள் இருப்பதால் அந்தப் பக்கம் குட்டி அரம், சாமணம், மயிரிழை ரம்பத்துக்கு பிளேடு எல்லாம் புதிதாகவே கிடைக்கும், இதையெல்லாம் பழசில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய அரம் வாங்குவது சுத்தமான முட்டாள்தனம்.

வீட்டுக்கு வந்தபின்

உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். கை பரபரக்கும், தெரியும். நுணுக்க அளவில் தீட்டிய பரப்புகள் ஒரு நிமிடத் தேய்ப்பில் கெட்டுவிடும். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ. பிரிக்கும்போது முன் கூம்பு, பின் கூம்பு என்று தனித்தனிக் கிண்ணம், மாற்றிப் போடக் கூடாது, வருடக்கணக்கில் ஒன்றோடு ஒன்று பழகியவை அவை. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி துரு என்று நினைத்தது காய்ந்த எண்ணெயாகக் கரைந்து போகும். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, டீசலும் ஆகும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு பக்கம் வராமல் செய்யுங்கள்.

பித்தளைக்குப் புளி என்பது நம் வீட்டு மருந்து, குத்துவிளக்குக்குச் சரி. லேத்தில் பித்தளை இருந்தாலும் அது எஃகோடு ஒட்டியிருக்கும், புளித்தண்ணீர் எஃகை ஒரே ராத்திரியில் கறுப்பாக்கிவிடும். வினிகரும் அப்படித்தான். காலெட், ஸ்பிரிங் மாதிரிக் கடினப்படுத்திய எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் நொறுங்குகிற குணம் வந்துவிடும். உரிந்த நிக்கலை அப்படியே விட்டுவிடுங்கள். பாதி முலாமைப் பளபளவென்று தேய்த்தால் மீதியும் உரியும், பார்க்கவும் அசிங்கம்.

எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போட்ட ஒரு லேத்தை நண்பர் வீட்டில் பார்த்தேன், டிசம்பர் காலையில் ஸ்பிண்டில் அசையவே இல்லை, உறைந்து மெழுகாக நின்றது. வெயில் வந்ததும் சுற்றியது.

ஓட்டுவதற்கும் தையல் மெஷின் மோட்டாரே சரி, காலால் மிதிக்கிற வேகக் கட்டுப்பாட்டோடு. ஆக, பாய் சொன்னது ஒருவகையில் பொய்யில்லை. கால் மிதியை முதலில் லேசாகத் தொட்டுப் பழகுங்கள், அந்த மோட்டார் சட்டென்று எகிறும். முழுக்கைச் சட்டை வேண்டாம், கழுத்தில் துண்டு வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குட்டி லேத் என்று அலட்சியம் வரும், பித்தளைச் சீவல் கண்ணுக்குள் போனால் லேத்தின் அளவு ஒரு ஆறுதல் இல்லை.

தலையும் வாலும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. காலெட்டில் ஒரு கம்பியைப் பிடித்து, அங்கேயே சுழலவிட்டு நுனியைக் கூராக்குங்கள். அங்கேயே கூராக்கியதால் அந்த நுனி ஸ்பிண்டிலின் நடுவில்தான் இருக்கும். இப்போது வாலை நகர்த்தி, அதன் முனையும் இந்த முனையும் சந்திக்கிற இடத்தில் ஒரு ஷேவிங் பிளேடை நடுவில் லேசாகக் கவ்வவிடுங்கள். பிளேடு செங்குத்தாக நின்றால் இரண்டும் நேர். மேல்கீழாகச் சாய்ந்தாலோ பக்கவாட்டில் திரும்பினாலோ ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கிறது. என்னுடையதில் மயிரிழை சாய்ந்தது. வாலின் அடியில் ஒட்டியிருந்த பழைய வார்னிஷ் பொருக்கு ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்ததும் நிமிர்ந்து நின்றது.

வேறு என்னென்ன கண்ணில் படலாம் என்றால், எக்லிப்ஸ் என்று பொறித்த பின் வைஸ், அதாவது ஊசியளவு ட்ரில்லைக் கையால் சுற்றப் பிடிக்கிற குச்சி, இது வந்தால் யோசிக்காமல் எடுங்கள். முறுக்கிய தண்டில் ஒரு வளையம் மேலும் கீழும் ஓட, நுனி சுழல்கிற ஆர்க்கிமிடியன் ட்ரில், இதில் முறுக்கு தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்றரை அங்குல ஸ்டான்லி 101 இழைப்புளி, பொம்மை மாதிரி இருக்கும், நிஜமாகவே மரம் சீவும். இடுக்கி மாதிரி இரண்டு கால் பிரிந்து, ஒரு பக்கம் வில் வளைவில் அளவுகோல் உள்ள பித்தளை அளவி ஒன்று உண்டு. வாய்ப்பக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் முள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகரும். பழையதில் மில்லிமீட்டருக்குப் பதில் லீன் கணக்கு இருக்கலாம், ஒரு லீன் 2.256 மி.மீ. வாயை மூடினால் முள் சுழியில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் யாரோ அதைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

என் லேத்தில் முதலில் கடைந்தது பக்கத்து வீட்டு அக்காவின் பழைய அலாரம் டைம்பீஸுக்கு ஒரு பித்தளைக் குமிழ். மூன்று குமிழ் வீணாகி நான்காவது சரியாக வந்தது. காலெட்டுகளை மாத்திரை போடுகிற ஏழு அறைப் பெட்டியில் எண் வாரியாக வைத்திருக்கிறேன், எட்டாவது மட்டும் ஒண்டிக்குடித்தனம். 12ஆம் நம்பர் இன்னும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் தேவைப்படுகிற அளவு, அதனால் இந்த ஞாயிறும் ஆறு மணிக்கெல்லாம் மெஜஸ்டிக்கில் இறங்க வேண்டும்.